விபத்து வழக்கும் ஆஸ்பத்திரிக் காகிதங்களும்: வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

சாலை விபத்து இழப்பீடு குறித்துச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து கடலூர் மாவட்டத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரியில் எழுதப்பட்ட, அல்லது எழுதப்படாமல் விடுபட்ட, ஏதோ ஒரு வரியைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இம்முறை மருத்துவப் பதிவேடுகள் தொடர்பான கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களும் அடையாளங்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

என் கணவர் இரவில் பைக்கில் கடலூரிலிருந்து திரும்பும்போது, ரெட்டிச்சாவடி அருகே பின்னால் வந்த கார் மோதிக் கீழே விழுந்தார். அவ்வழியே வந்த யாரோ புதுச்சேரியில் உள்ள ஒரு மருத்துவமனையில் சேர்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அங்கே போட்ட ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டின் நகலில்) "இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்ததாகக் கூறப்படுகிறது" என்று மட்டும் இருக்கிறது. காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எஃப்.ஐ.ஆர். மூன்று நாள் கழித்துத்தான் பதிவானது. இதைக் காட்டியே இன்சூரன்ஸ் கம்பெனி "எங்கள் வண்டி மோதவே இல்லை" என்கிறது. ஆஸ்பத்திரியில் சொல்லி அந்த வரியைத் திருத்த முடியுமா?
– வாசகி, தவளக்குப்பம்

திருத்தச் சொல்லாதீர்கள். யாராவது திருத்தித் தருவதாகச் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். விபத்துப் பதிவேடு என்பது சிகிச்சைக்கு வந்தவுடன் பணி மருத்துவர் எழுதும் குறிப்பு; அதன் ஒரு பிரதி அல்லது தகவல் காவல் நிலையத்துக்குப் போயிருக்கும். இங்கே ஒன்றும் அங்கே ஒன்றுமாக இருந்தால், இன்று "விடுபட்டுப்போன வரி" என்று சொல்லக்கூடிய விஷயம் நாளை "பொய்யாகச் சேர்க்கப்பட்ட வரி" ஆகிவிடும். கடலூர் நீதிமன்றமானாலும் புதுச்சேரி நீதிமன்றமானாலும், குறுக்கு விசாரணையில் வழக்கு அந்த இடத்திலேயே சாய்ந்துவிடும்.

அந்தக் காகிதத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். வந்து சேர்ந்த தேதி, நேரம், அழைத்து வந்தவர் யார், விபத்து எங்கே எப்போது எப்படி நடந்ததாகச் சொல்லப்பட்டது, நோயாளி நினைவுடன் இருந்தாரா, இரண்டு அங்க அடையாளங்கள், அதன்பின் வரிசையாகக் காயங்களின் அளவும் இடமும் என்ற முறையில் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். இவற்றில் காயங்களைப் பற்றிய பகுதிதான் மருத்துவர் தம் கண்ணால் கண்டு எழுதியது. விபத்து எப்படி நடந்தது என்ற வரி, பக்கத்தில் நின்றவர் சொன்னதைக் கேட்டு எழுதியது. "கூறப்படுகிறது" என்ற சொல் அதனால்தான் அங்கே இருக்கிறது. தங்கள் கணவரை அழைத்து வந்தவர் மோதலைப் பார்க்காமல், அவர் சாலையோரம் விழுந்து கிடந்ததை மட்டும் பார்த்தவராக இருந்தால், "விழுந்ததாக" என்று அவர் சொன்னதும் மருத்துவர் அப்படியே எழுதியதும் இயல்பே. அப்போது தங்கள் கணவர் நினைவிழந்திருந்தார் என்ற பதிவு அதே காகிதத்தில் இருந்தால், அது தங்களுக்குப் பெரிய பலம், ஏனெனில் அந்த வரி அவர் வாயிலிருந்து வந்ததல்ல என்பதை அந்தப் பதிவே சொல்லிவிடுகிறது.

விபத்துத் தீர்ப்பாயத்தில் குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தாலே போதும். ஆகவே ஏ.ஆர். காப்பியைத் தனியே எடுத்துப் படிக்காமல், எஃப்.ஐ.ஆர்., சம்பவ இடத்தின் பார்வை மகஜர் (இடத்தைப் பார்த்துப் போலீஸார் எழுதும் குறிப்பு), வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, குற்றப்பத்திரிகை ஆகியவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று தங்கள் வழக்கறிஞர் வாதிட வேண்டும். பைக்கின் பின்பக்கம் நசுங்கியிருப்பதாகவும் காரின் முன்பம்பரில் சேதம் இருப்பதாகவும் ஆய்வாளர் எழுதியிருந்தால், தானாக விழுந்தார் என்ற வாதம் நிற்பது கடினம். இதில் மருத்துவக் குறிப்பும் உதவும். காயங்கள் உடலின் எந்தப் பக்கம் இருக்கின்றன, பின்னாலிருந்து மோதியதோடு அவை பொருந்துகின்றனவா என்பதைச் சிகிச்சை அளித்த மருத்துவரிடமே சாட்சிக் கூண்டில் கேட்கலாம்.

மூன்று நாள் தாமதத்துக்காக அஞ்ச வேண்டாம். விபத்தில் சிக்கியவரின் குடும்பம் முதலில் காவல் நிலையத்துக்கு ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது, எஃப்.ஐ.ஆர். தாமதம் மட்டுமே இழப்பீட்டை மறுக்கக் காரணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் 2011ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. அதிலும் தங்கள் விஷயத்தில் விபத்து நடந்தது தமிழ்நாட்டில், சிகிச்சை நடந்தது புதுச்சேரியில். ஒரு காவல் நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போய்ச் சேர எடுத்துக்கொண்ட நாட்களைத் தாமதத்துக்கான விளக்கமாகவே காட்டலாம். ஆஸ்பத்திரியிலிருந்து காவல் துறைக்குத் தகவல் அனுப்பிய தேதி முத்திரையுடன் கிடைக்கிறதா என்று பாருங்கள். எல்லைப்புற விபத்துகளில் அந்த ஒரு முத்திரையே பல சந்தேகங்களைத் தீர்த்துவிடும்.

இன்சூரன்ஸ் தரப்பு இவ்வளவு கறாராக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. வீட்டில் வழுக்கி விழுந்த காயத்தையும் தானாகச் சறுக்கிய வண்டியையும், பின்னர் ஏதோ ஒரு வாகனத்தின் எண்ணைச் சேர்த்து வழக்காக்கியவர்கள் உண்டு. அவர்கள் செய்ததற்கான விலையை இன்று உண்மையாக அடிபட்டவர்களும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருக்கிறது.

மேற்படி போன்ற விபத்தில் வழக்கை எங்கே போடுவது? கடலூரிலா, புதுச்சேரியிலா?
– வாசகர், அரியாங்குப்பம்

விபத்து நடந்த இடத்திலோ, பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலோ, எதிர்த்தரப்பினர் வசிக்கும் இடத்திலோ அதிகாரம் உள்ள தீர்ப்பாயத்தில் தொடுக்கலாம் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆவது பிரிவு தெரிவுரிமை தருகிறது. இரண்டு ஊர்த் தீர்ப்பாயங்களின் மேல்முறையீடும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போகிறது. சிகிச்சை நடந்த ஊரில் வழக்கு இருந்தால் மருத்துவரை அழைப்பது எளிது என்பது என் அனுபவம். எங்கே போட்டாலும், விபத்து நடந்த 6 மாதங்களுக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்த விதியை எதிர்த்தும் வழக்குகள் தொடரப்பட்டுள்ளன. அவற்றை நம்பிக் காலம் தாழ்த்த வேண்டாம்.

தனியார் மருத்துவமனை ஒன்றில் 18 நாள் இருந்தேன். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் கொடுத்தார்கள். வழக்குக்குக் கேஸ் ஷீட் வேண்டும் என்றபோது, "கோர்ட் சம்மன் இருந்தால்தான் தருவோம்" என்கிறார்கள். அது சரியா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

சரியல்ல. மருத்துவர்களின் தொழில் ஒழுக்கம் குறித்த 2002ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, உள்நோயாளியின் மருத்துவப் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் அளித்த உதவியாளரோ சட்டப்படியான அதிகாரிகளோ கேட்டால் ஒப்புகை கொடுத்து, 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களை வழங்க வேண்டும். தராமலிருப்பது தொழில் ஒழுக்கக் கேடாகவும் அதே விதிகளில் சொல்லப்பட்டிருக்கிறது. சம்மன் வேண்டும் என்ற நிபந்தனை நோயாளிக்கு இல்லை. வேறு யாரோ கேட்டால்தான் அந்தத் தயக்கத்துக்கு நியாயம் உண்டு.

வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பி வருவதுதான் எல்லாரும் செய்கிற தவறு. உள்நோயாளி எண், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதி, மருத்துவப் பதிவேடுகள் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நகலெடுக்கும் கட்டணத்தை அவர்கள் கேட்டால் கொடுத்துவிடலாம். மனுவில் "கேஸ் ஷீட்" என்று பொதுவாக எழுதாமல், மருத்துவர்களின் அன்றாடக் குறிப்பு, செவிலியர் குறிப்பு, அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, ஸ்கேன் மற்றும் ஆய்வக அறிக்கைகள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி என்பது வெளியேறும் நாளில் யாரோ ஓர் இளம் மருத்துவர் அவசரத்தில் சுருக்கி எழுதுவது. அதில் ஒரு வரியாக இருக்கும் "எலும்பு முறிவு, அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது" என்பதன் பின்னால், செவிலியர் குறிப்பில் இரவு 2 மணிக்கு வலி தாங்காமல் ஊசி போட்டதும் ஒன்பதாம் நாள் காயத்தில் சீழ் வைத்ததும் நேரத்துடன் இருக்கும். வலிக்கும் வேதனைக்கும் என்று தனியே தொகை கேட்கும்போது, அந்தத் தலைப்புக்கு ஆதாரமாக வேறெந்தக் காகிதமும் இதற்கு ஈடாகாது.

அரசு மருத்துவமனையானால், கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள தலைமை மருத்துவமனையோ, சிதம்பரத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, புதுச்சேரி இந்திரா காந்தி அரசு மருத்துவமனையோ, ஜிப்மரோ, எதுவாயினும் மேற்கண்ட மனுவோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியும் திறந்திருக்கிறது. அதற்கு 30 நாள் கெடு என்பதால், அந்த மனுவையும் முன்கூட்டியே போட்டு வைப்பது நல்லது. மூன்றாண்டு முடிந்தபின் தேடிப்போனால் பதிவேட்டைக் கழித்துவிட்டோம் என்ற பதில் வரக்கூடும். வழக்கோ அதைவிட நீளமாக இழுக்கும்.

எனக்கு வயது 34. பண்ருட்டி பலா மண்டியில் சுமை தூக்கும் வேலை. லாரி மோதி முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். ஒரு டாக்டர் 40 சதவீதம் ஊனம் என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார். இப்போது அதே மண்டியில் உட்கார்ந்து சிட்டை எழுதுகிறேன், சம்பளம் பாதிதான். வருமானத்தில் 40 சதவீதத்துக்கு இழப்பீடு கிடைக்கும் என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், பண்ருட்டி

அப்படியே நம்ப வேண்டாம். தங்கள் கணக்கு இரண்டு விதமாகப் பிசகக்கூடும். ஒன்றில் தங்களுக்குக் குறையும், மற்றொன்றில் கூடவும் வாய்ப்பு இருக்கிறது.

இந்த விஷயத்தில் இன்றுவரை எல்லாத் தீர்ப்பாயங்களும் எடுத்துப் பார்ப்பது ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற வழக்கில் 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. சான்றிதழில் உள்ள சதவீதம் பெரும்பாலும் அந்த ஓர் உறுப்புக்கு உரியது. காலில் 40 சதவீதம் என்றால் முழு உடலுக்கும் 40 என்று ஆகாது. முழு உடலுக்கு எவ்வளவு என்று கண்டபின்னும், சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்பது தனிக் கேள்வி. இடது கையை இழந்த ஓட்டுநரோ தச்சரோ தம் தொழிலையே முழுவதும் இழந்துவிடலாம்; அதே கையை இழந்த அரசு அலுவலக எழுத்தருக்கு வேலையும் சம்பளமும் தொடரலாம் என்று அத்தீர்ப்பே விளக்குகிறது. அந்த வழக்கின் மனுதாரருக்கும் காலில்தான் முறிவு. மருத்துவர் 45 சதவீதம் என்று சான்றளித்திருந்தார். அவர் பாலாடைக்கட்டி விற்பவர் என்பதைக் கருதி, எதிர்கால வருமான இழப்பை 20 சதவீதமாகவே நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

தாங்கள் சுமை தூக்குபவர். பலாப்பழ மூட்டையை முதுகில் ஏற்றி லாரிப் பலகையில் நடக்க இரண்டு கால்களும் வேண்டும். ஆகவே தங்கள் விஷயத்தில் தொழில் இழப்பு, முழு உடலுக்கான ஊனச் சதவீதத்தைவிட அதிகம் என்றும் வாதிட இடம் உண்டு. ஆனால் அந்த வாதத்துக்கு வெறும் "40 சதவீதம்" என்ற எண் போதாது. முறிந்த எலும்பு நேராகக் கூடியதா கோணலாகவா, கால் எத்தனை சென்டிமீட்டர் குட்டையாயிற்று, முழங்காலும் கணுக்காலும் எத்தனை டிகிரி மடங்குகின்றன, தொடைத் தசை மெலிந்துள்ளதா, சம்மணமிடவும் குந்தவும் படியேறவும் முடிகிறதா என்பவை மறுபரிசோதனைச் சீட்டுகளில் தேதிவாரியாக இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆனபின் ஒருமுறைகூட வெளிநோயாளிப் பிரிவுக்குப் போகாமல், வழக்கு நெருங்கும்போது நேராகச் சான்றிதழ் வாங்கப் போவது நம்மூரில் சாதாரணமாகிவிட்டது. நான் பார்த்த வழக்குகளில் தொகை குறைந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறில்லை.

சான்றிதழ் கொடுத்தவர் தங்களுக்குச் சிகிச்சை அளித்தவரா என்று தாங்கள் எழுதவில்லை. சிகிச்சை அளிக்காமல் கேட்டவுடன் சான்றிதழ் தருபவர்களின் சாட்சியத்தை இயந்திரத்தனமாக ஏற்கக் கூடாது, தேவையானால் மருத்துவ வாரியத்துக்கு அனுப்பலாம் என்றும் மேற்படி தீர்ப்பு எச்சரிக்கிறது. தாங்களே முன்வந்து மருத்துவ வாரியப் பரிசோதனைக்கு மனுப் போடுவதில் தவறில்லை. சதவீதம் கொஞ்சம் குறைந்து வந்தாலும், அசைக்க முடியாததாக இருக்கும்.

அந்த எண் எவ்வளவு பணத்தை அசைக்கிறது என்பதற்கு ஓர் உதாரணக் கணக்கு. மாத வருமானம் 15,000 ரூபாய் என்று நிரூபணமாவதாக வைத்துக்கொள்வோம். 40 வயதுக்குக் கீழே உள்ள, நிரந்தர அரசுப் பணியில் இல்லாதவருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது பிரணய் சேத்தி வழக்கின் 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அது ஊன வழக்குகளுக்கும் பொருந்தும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆக மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000. ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ற ஒரு பெருக்கு எண்ணால் பெருக்குவது முறை; 31 முதல் 35 வயதுக்கு அது 16, பெருக்கினால் 40,32,000. தொழில் இழப்பு 15 சதவீதம் என்றால் 6,04,800 ரூபாய். 30 சதவீதம் என்றால் 12,09,600 ரூபாய். இடையிலுள்ள ஆறு லட்சத்தை முடிவு செய்வது சில மறுபரிசோதனைச் சீட்டுகள்.

பாதிச் சம்பளத்துக்குச் சிட்டை எழுதுவதை மறைக்க வேண்டாம். பழைய கூலிக்கும் புதிய சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மண்டி முதலாளியைச் சாட்சியாக அழைத்து நிரூபித்தால், அதுவே தங்கள் இழப்பின் நேரடி அளவு.

விபத்து நடந்தவுடன் அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஆபரேஷன் என்றதும் பயந்து, வீட்டார் கையெழுத்துப் போட்டு அழைத்துக்கொண்டு போய்ப் புத்தூர் கட்டு போட்டுவிட்டார்கள். இப்போது கை கோணலாகக் கூடியிருக்கிறது. இழப்பீடு கேட்க முடியுமா?
– வாசகர், குறிஞ்சிப்பாடி

கேட்கலாம், ஆனால் எதிர்த்தரப்பு முதலில் எடுக்கப்போவது தங்கள் கேஸ் ஷீட்டின் கடைசி வரியைத்தான். "மருத்துவ ஆலோசனைக்கு எதிராக வெளியேறினார்" என்று எழுதி, அதன் கீழ் வீட்டாரின் கையெழுத்தோ கைநாட்டோ இருக்கும். கை முறிந்தது விபத்தால், கோணலானது உங்கள் பிடிவாதத்தால் என்று அவர்கள் இரண்டாகப் பிரிப்பார்கள். அந்த வாதத்தில் ஓரளவு உண்மை இருப்பதால், முழு ஊனத்துக்கும் தொகை கிடைக்கும் என்று நான் நம்பிக்கை தரமாட்டேன்.

முதல் நாள் எடுத்த எக்ஸ்ரே இங்கே மிக முக்கியம். மூட்டுக்குள் முறிவு, எலும்பு நொறுங்கியிருந்தது என்றெல்லாம் அதில் தெரிந்தால், அறுவைச் சிகிச்சை செய்திருந்தாலும் ஓரளவு குறை மிஞ்சியிருக்கும் என்று எலும்பு மருத்துவர் சொல்ல முடியும். அந்தப் படத்தையும் அறிக்கையையும் முதலில் கைப்பற்றுங்கள். அடுத்து, இன்றே அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவுக்குப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிப் பதிவு செய்யுங்கள். திருத்த அறுவைச் சிகிச்சைக்கு வாய்ப்பு உண்டா என்று அவர்கள் எழுதித் தரட்டும். எதிர்கால மருத்துவச் செலவு என்ற தலைப்பில் கேட்பதற்கு அந்தக் குறிப்பே அடிப்படை. கட்டுப் போட்டவரிடம் தேதியுடன் ரசீது இருந்தால் வாங்கி வையுங்கள். வைத்தியத்தையே விட்டுவிடவில்லை, வேறொரு வைத்தியத்தை நாடினீர்கள் என்பதையாவது அது காட்டும். அறுவைச் சிகிச்சைக்கு அஞ்சி எண்ணெய்க் கட்டை நம்புகிற குடும்பங்கள் நம் மாவட்டத்தில் எத்தனை என்பது இங்குள்ள நீதிபதிகளுக்கும் தெரியாததல்ல.

என் தம்பியின் ஏ.ஆர். காப்பியில் "மது வாடை வீசியது" என்று எழுதிவிட்டார்கள். எதிரே வந்த வேன்தான் தவறான பக்கத்தில் வந்து மோதியது. வழக்கு போய்விட்டதா?
– வாசகர், வில்லியனூர்

போகவில்லை. விபத்து புதுச்சேரிப் பக்கம் நடந்தது என்றாலே இன்சூரன்ஸ் வழக்கறிஞரின் கண் முதலில் அந்த வரியைத்தான் தேடும். கிடைத்துவிட்டால் வேறு எதையும் படிக்கமாட்டார். ஆனால் வாடை வேறு, போதை வேறு. இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருப்பதுதான் சட்டப்படி குற்றம். அதற்கு இரத்தப் பரிசோதனையோ மூச்சுப் பரிசோதனையோ தேவை. இரத்தம் எடுத்த குறிப்பும் ஆய்வக அறிக்கையும் கேஸ் ஷீட்டில் இல்லாவிட்டால், அந்த வரி மூக்கின் அபிப்பிராயமாகவே நின்றுவிடும். ஜிஜு குருவிளா வழக்கில், இறந்தவரின் இரைப்பையில் மதுவின் கடும் வாடை இருந்ததாகப் பிரேதப் பரிசோதனை அறிக்கையே சொல்லியும், அதை மட்டும் வைத்து விபத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்று ஊகிக்க முடியாது என உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. தவறான பக்கத்தில் வந்தது வேன் என்பதற்கு வரைபடமும் கண்ணால் கண்ட சாட்சியும் இருந்தால், அதன்மேல் கவனம் செலுத்துங்கள்.

நினைவு இருந்ததா, கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னாரா என்ற பதிவும் அதே காகிதத்தில் இருக்கும். அது தம்பிக்குச் சாதகமாக இருந்தால் மருத்துவரிடம் அதைக் கேட்கத் தவறாதீர்கள். ஒருவேளை பரிசோதனை அறிக்கை பாதகமாகவே இருந்தாலும், தம்பியின் பங்குக்கு ஏற்ற அளவு தொகை குறையுமே தவிர, அதனால் மட்டும் வழக்கு முழுவதும் தள்ளுபடி ஆகாது.

அம்மாவுக்கு வயது 58. விபத்துக்கு முன்பே மூட்டுத் தேய்மானத்துக்கு ஜிப்மரில் மாத்திரை வாங்கி வந்தார். இப்போது ஆட்டோ மோதி அதே முழங்காலில் முறிவு. பழைய சீட்டுகளைக் காட்டாமல் இருப்பதே நல்லது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார்.
– வாசகி, நெல்லிக்குப்பம்

உறவினர் சொன்னதைக் கேட்காதீர்கள். புதிய கேஸ் ஷீட்டிலேயே "பழைய நோய்கள்" என்ற பகுதியில் மூட்டுத் தேய்மானம் எழுதப்பட்டிருக்கும். எதிர்த்தரப்பு அதைப் பிடித்துப் பழைய பதிவேட்டை வரவழைத்துவிடும். ஏற்கெனவே பலவீனமாக இருந்தவரை மோதியவர், அவருக்கு ஏற்பட்ட கூடுதல் பாதிப்புக்கும் பொறுப்பாளியே. பழைய சீட்டுகளில் அம்மா பேருந்தேறித் தனியாக வந்து மருந்து வாங்கிப்போனது தெரிந்தால், இன்று வாக்கர் இல்லாமல் நடக்க முடியாத நிலையோடு ஒப்பிட அதைவிட நல்ல ஆதாரம் எங்கே கிடைக்கும்?

தமிழ்நாட்டு அரசின் திட்டத்தில் முதல் 48 மணி நேரம் இலவசமாகப் பார்த்தார்கள். பிறகு மெடிக்ளெய்ம் பாலிசி. கையில் பில் என்று பெரிதாக எதுவும் இல்லை. எதை வைத்துக் கேட்பது?
– வாசகர், கடலூர் முதுநகர்

'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்திலோ, மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த, 7 நாட்களுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரையிலான கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்திலோ நடந்த சிகிச்சைக்குத் தாங்கள் பணம் கட்டவில்லை என்பதால், அந்தத் தொகையை மருத்துவச் செலவாகக் கேட்க முடியாது. மெடிக்ளெய்ம் கொடுத்த தொகையைக் கழிப்பதா கூடாதா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி தீர்ப்பளிக்கவில்லை. ஆகவே பில் நகல்களையும் பாலிசி தீர்வுக் கடிதத்தையும் மறைக்காமல் தாக்கல் செய்து வாதிடுவதே முறை. சத்துணவு, போக்குவரத்து, உடனிருந்து பார்த்துக்கொண்டவரின் செலவு, படுத்திருந்த மாதங்களின் வருமானம் ஆகியவற்றுக்கு மருந்துக்கடை பில் தேவையில்லை. எத்தனை நாள் உள்நோயாளி, எத்தனை வாரம் கால் ஊன்றக் கூடாது என்று மருத்துவர் எழுதியிருக்கிறார் என்பதே அளவுகோல். அந்த ஓய்வுக் காலத்தை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதாமல் விட்டிருந்தால், அடுத்த மறுபரிசோதனையின்போது கேட்டு எழுதி வாங்குங்கள்.

எக்ஸ்ரே படங்களைச் செல்போனில்தான் அனுப்பினார்கள். கோர்ட் ஏற்குமா?
– வாசகர், பாகூர்

மின்னணு ஆவணத்துக்குரிய சான்றிதழோடு கொடுத்தால் ஏற்கும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவு அதற்கானது. அதைவிட எளிது, ஆஸ்பத்திரியில் ஃபிலிமாகவோ குறுந்தகடாகவோ கேட்டு வாங்குவது.

வழக்கு சாட்சி விசாரணைக்கு வந்துவிட்டது. ஆபரேஷன் செய்த டாக்டர், "ஒரு நாள் முழுக்கக் கோர்ட்டில் உட்கார எனக்கு நேரமில்லை" என்கிறார். அவர் வராவிட்டால் என்ன ஆகும்?
– வாசகர், முத்தியால்பேட்டை

டிஸ்சார்ஜ் சம்மரியும் ரசீதுகளும் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்காவிட்டால் மருத்துவர் இல்லாமலே சான்றாவணங்களாகக் குறியீடு செய்யப்படலாம். ஆனால் ஊனத்தின் அளவு சர்ச்சையில் இருக்கும்போது, சிகிச்சை அளித்தவர் வந்து சொல்வதற்குள்ள மதிப்பு காகிதத்துக்கு மட்டும் கிடைக்காது.

அவர் சொல்லும் காரணமும் பொய்யில்லை. காலையில் வந்து மாலை வரை காத்திருந்து, வாய்தா என்று திருப்பி அனுப்பப்பட்ட மருத்துவர் அடுத்த முறை ஏன் வருவார்? ராஜ்குமார் தீர்ப்பே இந்தச் சிரமத்தை ஒப்புக்கொண்டு, மருத்துவருக்கு நேரம் குறித்துக் கொடுத்துக் காக்க வைக்காமல் விசாரிக்கலாம், அல்லது ஆணையரை நியமித்து மருத்துவமனையிலேயே சாட்சியத்தைப் பதிவு செய்யலாம் என்று வழி காட்டியிருக்கிறது. அதைக் காட்டித் தங்கள் வழக்கறிஞர் மனுத் தாக்கல் செய்யட்டும். மருத்துவருக்கு அறுவைச் சிகிச்சை இல்லாத நாள் எது என்று முன்பே கேட்டு, அந்தக் கிழமையையே மனுவில் குறிப்பிடுங்கள். அவர் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தால், அதே பிரிவின் இன்னொரு மருத்துவர் பதிவேட்டைப் பார்த்துச் சாட்சி சொல்லலாம். மருத்துவப் பதிவேடுகள் பிரிவின் ஊழியர் அசல் கேஸ் ஷீட்டை எடுத்து வந்து அது தம் ஆஸ்பத்திரியுடையதுதான் என்று கூறலாம். சம்மனில் உள்நோயாளி எண்ணையும் ஆண்டையும் எழுத மறக்க வேண்டாம். அவை இல்லாமல் போன சம்மனுக்கு "பதிவேடு கிடைக்கவில்லை" என்ற பதில்தான் திரும்பி வரும்.